இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர் கிழக்கே

ஓமானில், எங்கள் ஆதம் ஊரில், ஷாமிஸை ஒரு விருந்துக்குக் கூப்பிடுவதே பெரிய தலைவலி. "மதியம் நம்ம தோட்டத்துல சாப்பாடு, இடத்தைப் போன்ல அனுப்பிட்டேன், வந்துரு" என்று யாராவது சொன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த டேட்டம்?" என்று கேட்பான். கூப்பிட்டவர் முழிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். "யோவ், உன் பொண்டாட்டி ஊட்டி விடுறப்போ வாய் எங்க இருக்குன்னு இதே மாதிரி கேப்பியா?" என்று அல்வாக்கடை சைஃப் ஒருநாள் கேட்டே விட்டான். ஷாமிஸ் கோபப்படவில்லை. அவனுக்கு அது கிண்டலாகவே படவில்லை என்பதுதான் விஷயம்.

நான் முசல்லம். மணலில் பிறந்த பதூ, பாலைவன நாடோடிக் குலம். முப்பது வருஷம் நிலம் அளக்கிற சர்வே கூட்டங்களுக்கு வண்டி ஓட்டினேன். எனக்கு முன்கோபம் உண்டு, அதை மறைக்கிற வழக்கம் இல்லை. ஷாமிஸ் என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆகையால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டுவிட்டேன். "சொல்லிக்கோ. ஆனா அந்த இடத்தோட எண்ணை மட்டும் சொல்லாத" என்றான். சொல்லமாட்டேன்.

அவன் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவன் செய்த காரியம் புரியாது. நிலத்தில் ஒரு இடத்துக்கு எண் கொடுக்க வேண்டும் என்றால், எங்கிருந்து அளக்கத் தொடங்கினோம் என்று ஒரு முளை வேண்டும். பூமி எவ்வளவு உருண்டை, எவ்வளவு சப்பை என்று ஒரு கணக்கு வேண்டும். இரண்டும் சேர்ந்ததற்குப் பெயர்தான் டேட்டம். எங்கள் பக்கத்துப் பழைய வரைபடங்கள் எல்லாம் ஃபஹூத் என்கிற இடத்தில் நட்ட முளையிலிருந்து அளந்தவை. பிறகு செயற்கைக்கோள் வந்தது. அது பூமியின் நடு மையத்திலிருந்து அளக்கிறது. இரண்டு தையல்காரர்கள் அவரவர் சாணால் ஒரே துணியை அளந்த கதைதான். இடம் ஒன்று, எண் இரண்டு. பழைய எண்ணைப் புது எண்ணாக மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குத்தான் ஷாமிஸ்.

"மாத்தாம அப்படியே கருவியில போட்டா இருநூத்தித் தொண்ணூறு மீட்டர் மேற்க போய் நிப்ப. ஏற்கனவே மாத்தின எண்ணை இன்னொரு தடவை மாத்தினா அதே தூரம் கிழக்க போய் நிப்ப. ரெண்டு இடத்துலயும் ஒண்ணும் இருக்காது" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வான். வரிக்கு வரி இதே வார்த்தைதான். எனக்கு மனப்பாடம்.

பழைய கள நோட்டுகள் ஆயிரத்துக்கு மேல் அலுவலக அலமாரியில் இருந்தன. ஒவ்வொரு எண்ணையும் எந்த டேட்டத்தில் எடுத்தது என்று துருவித் துருவிப் பார்த்து, உறுதியானதும் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட்டு, சின்னதாகத் தேதி எழுதுவான். அதற்குப் பிறகுதான் கணக்கு. ஒருமுறை வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் எண்ணெய்க் கிணற்றுக்குத் துளை போட வேண்டிய இடத்தின் எண்ணைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்தார். நாற்பது லாரி சாமான் வழியில் நிற்கிறது என்று கத்தினார். ஷாமிஸ் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. "இதுல டேட்டம் எழுதலை. எழுதிட்டு வாங்க." மூன்று நாள் லாரிகள் நின்றன. கடைசியில் பார்த்தால் அந்த எண் ஏற்கனவே மாற்றப்பட்ட எண். இவன் பேசாமல் கணக்குப் போட்டிருந்தால் துளை பக்கத்து நிலத்தில் விழுந்திருக்கும். எஞ்சினியர் வந்து கைகுலுக்கினார். இவன் கையைக் கொடுத்துக்கொண்டே, "அடுத்த தடவை எழுதிட்டு வாங்க" என்றான். அப்படிப்பட்ட ஆள்.

இனி அவன் வீட்டு விஷயம். ஷாமிஸுக்கு ஒரு அண்ணன் இருந்தான், கஸீப். நான் அவனோடும் வேலை செய்திருக்கிறேன். பெரிய உருவம், பெரிய குரல், எப்போதும் சிரிப்பு. சர்வே கூட்டத்தில் முளை நடுகிற வேலை. தகப்பன் இல்லாத வீடு. தம்பியைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான். "என் தம்பி முளை அடிக்கிறவன் ஆகமாட்டான், முளை எங்கன்னு சொல்றவன் ஆவான்" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு, ஷாமிஸை மஸ்கட்டுக்கு சர்வே படிக்க அனுப்பினான். எண்பத்தெட்டில் கஸீப் கல்யாணம் செய்துகொண்டான். பெண் பெயர் ஜயானா. கல்யாணம் ஆகி நாற்பதாம் நாள், சஹ்மா என்கிற மணல்வெளியின் விளிம்பில் வண்டி உருண்டு, அவன் அடியில் மாட்டிக்கொண்டான். அப்போதே முடிந்துவிட்டது.

நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அன்றைக்கே அங்கேயே குளிப்பாட்டித் தொழுகை வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள், அதுதானே முறை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட அந்த இடத்தில் கல் கிடையாது. அளவைக்கு நடுகிற சிமென்ட் முளைகள் இரண்டை நட்டார்கள். அவன் வண்டியில் இருந்த முளைகள்தான். மஸ்கட்டில் இருந்த ஷாமிஸுக்குச் செய்தி போக மூன்று நாள் ஆயிற்று. அண்ணன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

ஜயானாவின் துக்க காலம், நாலு மாதம் பத்து நாள், முடிந்தது. "பொண்ணு நம்ம வீட்டை விட்டுப் போகக்கூடாது" என்று தாயார் பிடிவாதம் பிடித்தார். ஷாமிஸ் அண்ணன் மனைவியைக் கல்யாணம் செய்துகொண்டான். எங்களில் இது புதிதல்ல. முதல் மகன் பிறந்ததும் தாயார் வைத்த பெயர் கஸீப். தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே தகப்பனை அழைப்போம்? அன்றிலிருந்து ஷாமிஸ் ஊருக்கெல்லாம் 'அபூ கஸீப்', கஸீபின் தகப்பன், ஆனான். மனைவியும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒருநாளைக்கு நூறு தடவை அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலிக்கும். அது அவனுக்குள் என்ன செய்தது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு வருஷம் நான் முட்டாளாக அலைந்திருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள் ஜயானா கேட்டாள். நானும் அங்கே எங்கள் காப்பியான கஹ்வா குடித்துக்கொண்டிருந்தேன். தட்டில் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அபூ கஸீப், உங்க அண்ணனை அடக்கின கப்ர் இருக்கிற இடம் உங்க ஆபீஸ் நோட்டுல இருக்காமே? ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஷாமிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "பொம்பளைங்க கப்ருக்குப் போறது நம்ம வழக்கம் இல்லையே."

"வழக்கம் இல்லைன்னா தூரத்துல நின்னு பாத்துட்டு வரேன். எனக்குப் பாக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் மூவரும் கிளம்பினோம். ஐந்து மணி நேரப் பாதை, பாதி பாதையே கிடையாது. ஷாமிஸ் செயற்கைக்கோள் கருவியில் எண்ணைப் போட்டு, அதைப் பார்த்து வழி சொல்ல, நான் ஓட்டினேன். "இங்கதான்" என்று ஒரு சரளைத் தரையில் நிறுத்தச் சொன்னான். ஒன்றுமே இல்லை. முளை இல்லை, மேடு இல்லை. வடக்கே நடந்தோம், தெற்கே நடந்தோம், கிழக்கே அரை மைல் போனோம். மேற்கே ஒரு மணல்மேடு நீளமாகக் கிடந்தது. "அந்தப் பக்கம் போய்ப் பாக்குறேன்" என்று நான் கிளம்பினால், "வேணாம் முசல்லம், இளகின மணல், வண்டி மாட்டிக்கும். அங்கெல்லாம் அடக்கம் பண்ணியிருக்க மாட்டாங்க" என்று தடுத்தான். எண்ணுக்குச் சொந்தக்காரன் சொல்லும்போது நான் என்ன பேச? ஜயானா முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். 

இரண்டாயிரத்து ஒன்பதில் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் போனோம். அதே இடம், அதே வெறும் தரை. இந்த முறை நான் மண்ணைக் கையால் கிளறிக்கூடப் பார்த்தேன். மணல் மூடியிருக்கும் என்று ஷாமிஸ் முணுமுணுத்தான். ஜயானா அன்றைக்கு அழுதாள். சத்தமில்லாமல், முகத்திரைக்குள். அவன் கையை நீட்டி அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் எடுத்துக்கொண்டதை நான் வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன்.

என் மானமும் கப்பலேறியது. மணலில் ஒட்டகத் தடத்தைப் பார்த்து அது யாருடைய ஒட்டகம் என்று சொல்கிற குலத்தில் பிறந்தவன் நான். "என்ன முசல்லம், ரெண்டு முளையைக் கண்டுபிடிக்க முடியலையாமே? பேசாம மீன் விக்கப் போயேன்" என்று சந்தையில் கேட்டார்கள். இதைக் கேட்டுச் செரித்துக்கொண்டு ஆறு வருஷம் இருந்தேன். 

இரண்டாயிரத்துப் பதினைந்து தைக் குளிரில், அலுவலக நோட்டுகளை எல்லாம் பெட்டி கட்டி மஸ்கட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். படமெடுத்துக் கணினியில் ஏற்றப் போகிறார்களாம். வண்டியில் ஏற்றுகிற வேலை எனக்கு. எண்பத்தெட்டாம் வருஷப் பெட்டி கைக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கஸீப் கூட்டத்து நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கமும் கிடைத்தது. 'கஸீப், அல்லாஹ்வின் கருணை அவன் மீது உண்டாகட்டும்' என்று எழுதி, கீழே எண். எழுதியவர் ஃபிக்ரி என்கிற எகிப்து சர்வேயர். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அரபிதானே, எனக்குப் படிக்க வரும்.

'செயற்கைக்கோள் பெட்டியை இரண்டு நாள் இங்கேயே வைத்து எடுத்த எண். பழைய டேட்டம் அல்ல. குடும்பத்தார் தேடி வந்தால் தவறக் கூடாது.'

அந்தக் காலத்தில் கூட்டங்களுக்கு ஒரு பெரிய பெட்டி புதிதாக வந்திருந்தது, ஞாபகம் இருக்கிறது. ஒரே இடத்தில் வைத்துவிட்டு, கோள் தலைக்குமேல் போகப் போகக் காத்திருக்க வேண்டும். ஆக, இந்த எண் பிறக்கும்போதே புது எண். இதை மாற்றவே கூடாது. மாற்றினால் எங்கே போய் நிற்போம்? எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. கிழக்கே.

அட பாவி, அவசரத்தில் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டானே என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய நோட்டு என்றால் பழைய டேட்டம் என்று கை தானாகக் கணக்குப் போட்டிருக்கும்; இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி அது. அப்புறம் அந்தக் குறிப்பின் கடைசியில் பார்த்தேன். பச்சைப் பென்சிலில் ஒரு டிக். பக்கத்தில் தேதி. நாங்கள் முதல் தடவை போனதற்கு நாலு நாள் முந்தைய தேதி.

 பெட்டிமேலேயே உட்கார்ந்தேன். வடக்கே தேடினோம், தெற்கே தேடினோம், கிழக்கே தேடினோம். மேற்கே மட்டும் என்னைப் போகவிடவில்லை.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அவன் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பக்கத்தைத் திறந்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இது யார் போட்ட டிக்கு?"

அவன் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்."

"அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

"ஆமா."

"ரெண்டு தடவை! ரெண்டு தடவை அந்தப் பொம்பளையை வெயில்ல நடக்கவிட்டு வேடிக்கை பாத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா? எவனோ ஊர் பேர் தெரியாத எகிப்துக்காரன் உன் அண்ணனுக்காக ரெண்டு நாள் வெட்டவெளியில காத்துக் கெடந்து எண் எடுத்திருக்கான். கூடப் பொறந்தவன் நீ அதைத் தூக்கிக் கெழக்க எறிஞ்சிருக்க. என்னையும் ஊரெல்லாம் சிரிக்க வெச்சுட்ட!"

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் அடித்திருப்பேன்.  கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். 

"குறிப்பைப் படிச்சேன். டிக் போட்டேன். அது வரைக்கும் மனசுல ஒண்ணும் இல்ல முசல்லம், சத்தியமா. அப்புறம் யோசிச்சேன். அவ அங்க போவா. அவன் தலைமாட்டுல உக்காருவா. அழுவா. அதை நான் நின்னு பாக்கணும். பாத்துட்டுத் திரும்பக் கூட்டிட்டு வரணும். திரும்பி வர்றது யாரு? என் பொண்டாட்டியா, அவன் பொண்டாட்டியா?"

"உளறாத. நாலு புள்ளை பெத்திருக்கா உனக்கு."

"பெத்திருக்கா. ஒரு நாள் முகம் கோணினது இல்ல. ஆனா அவ என்னைத் தேர்ந்தெடுக்கலையே. அவளுக்குக் கெடைச்சது அவன். நான் மிச்சம். இத்தனை வருஷமா அவ பக்கத்துலதான் இருக்கேன், அவ என்னைப் பாக்கமாட்டாளான்னு ஏங்கிக்கிட்டே இருக்கேன். யார்கிட்ட சொல்ல இதை? 'அபூ கஸீப்'னு அவ கூப்பிடும்போதெல்லாம், அவனைக் கூப்பிடுறாளா என்னைக் கூப்பிடுறாளான்னு ஒரு நிமிஷம் நெஞ்சு அடைக்கும்."

என் கோபம் பாதி வடிந்துவிட்டது, என்ன செய்ய. பாதி இருந்தது. "நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நானே கூட்டிட்டுப் போறேன். நீ வண்டி எடு. வேற எவன்கூடவும் போக என்னால முடியாது."

வியாழக்கிழமை விடியல் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். ஜயானா கஹ்வா குடுவை, ரொட்டி, பேரீச்சம்பழம் எல்லாம் ஒரு துணியில் மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தாள். "இந்தத் தடவையாவது கெடைக்குமா முசல்லம் அண்ணே?" என்று கேட்டாள். "கெடைக்கும், உம்மு கஸீப்" என்றேன். கஸீபின் தாய் என்று அவளைக் கூப்பிட அன்றைக்கு என் நாக்கே கூசியது. ஷாமிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

நேராகக் கப்ருக்கே போவோம் என்று நினைத்திருந்தேன். அவன் வழி சொல்லச் சொல்லப் பார்த்தால், அதே சரளைத் தரை. அதே இடம்.

"மறுபடியும் இங்கயேவா?" என்று பல்லைக் கடித்தேன்.

"நிறுத்து. இங்க வெச்சுத்தான் சொல்லணும்."

இறங்கினோம். வெயில் இதமாக இருந்தது, காற்று அதிகம். ஷாமிஸ் மனைவிக்கு எதிரே போய் நின்றான். நான் வண்டிக்குப் பின்னால் போய்விட நினைத்தேன். "இரு, உன்னையும்தானே ஏமாத்தினேன்" என்றான்.

"ஜயானா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "கப்ர் இங்க இல்ல. எப்பவுமே இங்க இல்ல. எனக்கு மொதல்லயே தெரியும். சரியான எண்ணை வேணும்னே இன்னொரு தடவை மாத்தினேன். அண்ணன் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

ஜயானா அவனையே பார்த்தாள். முகத்திரைக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"எவ்வளவு தூரம்?"

"இருநூத்தித் தொண்ணூறு மீட்டர்."

"பன்னெண்டு வருஷமா?"

"பன்னெண்டு வருஷமா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு மேற்கே நடந்தாள். செருப்பு மணலில் புதைந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேட்டின் உச்சியில் ஒரு நொடி நின்றாள், பிறகு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். ஷாமிஸ் நின்ற இடத்தில் அப்படியே தரையில் குந்தினான். "போச்சு முசல்லம். இனிமே அவ என்கூட இருக்கமாட்டா" என்றான். நான் ஆறுதல் சொல்லவில்லை. இருக்கமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வெகுநேரம் ஆகவில்லை. ஒரு தடவை கஹ்வா ஊற்றிக் குடிக்கிற நேரம்கூட இருக்காது. ஜயானா மேட்டின் மேல் மறுபடி தெரிந்தாள். இறங்கி வந்தாள். அவன் எழுந்து நின்றான்.

"ரெண்டு முளை இருக்கு. ஒண்ணு சாய்ஞ்சிருந்துச்சு, நிமித்தி வெச்சேன். சலாம் சொன்னேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் உயர்ந்தது. "நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? அவரு மேல ஆசையில கேட்டேன்னா? உங்க அண்ணனுக்கு நான் நாப்பது நாள் பொண்டாட்டி. அதுல இருபத்தெட்டு நாள் அவரு இந்த மணல்லதான் கெடந்தாரு. மிச்சம் பன்னெண்டு நாளு. வெக்கத்துல அவரை நிமிந்துகூடச் சரியாப் பாக்கலை. அவரு முகமே எனக்கு ஞாபகம் இல்ல, தெரியுமா? கஸீப்னு கூப்பிட்டா என் மவன் முகம்தான் வருது."

ஷாமிஸ் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீங்கதான் தூக்கத்துல அவரைக் கூப்பிடுறீங்க. கல்யாணம் ஆன மொத வாரத்துலேர்ந்து கேக்குறேன். 'அண்ணா, இருண்ணா, நானும் வரேன்'னு சின்னப் புள்ளை கணக்கா அழுவீங்க. விடிஞ்சா ஒண்ணும் தெரியாது உங்களுக்கு. சொன்னா கூனிக் குறுகிப் போயிருவீங்கன்னு நான் வாயே திறக்கலை. ஒரு தடவை அந்தக் கப்ரைப் பாத்துட்டா அடங்கிரும்னு நெனச்சேன். 'உங்க அண்ணனைப் போய்ப் பாருங்க'ன்னு சொன்னா வேலை இருக்கும்பீங்க. அதனாலதான் எனக்குப் பாக்கணும்னு கேட்டேன். உங்களுக்காகக் கேட்டேன்யா!" அவள் குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கு ரெண்டாவது தடவை இங்க அழுதேனே, உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தும் காட்ட முடியலையேன்னு அழுதேன்."

அவன் அவளைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்வேன். இருபத்தாறு வருஷம் எதற்காக ஏங்கினானோ அது இத்தனை நாளும் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைச் சந்தேகப்பட்டு, அதற்குப் பயந்து, பெற்ற தகப்பனுக்குச் சமமான அண்ணனைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் வந்தும் பார்க்காமல் திரும்பியிருக்கிறான். அவளை ஏமாற்றியதாகத்தான் அவன் நினைத்திருந்தான். அதைவிடப் பெரிதாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டோம் என்று அந்த நிமிஷம்தான் அவனுக்கு உறைத்தது. 

"ஜயானா, நான்..."

"என்கிட்ட அப்புறம் பேசுங்க. வீட்டுக்கு வந்து பேசுங்க. நான் எங்கயும் போயிடலை. கோவம் இருக்கு, நெறைய இருக்கு, அது வேற." கண்ணை முக்காட்டு நுனியால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இப்போ போங்க. அவரு அங்க தனியா இருக்காரு."

ஷாமிஸ் கருவியை எடுத்தான். பிறகு அதை வண்டியின் மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தான். முதலில் மெதுவாக. மேட்டின் பாதியில் கால் சறுக்கி, கையை ஊன்றி, ஓடவே ஆரம்பித்துவிட்டான். உச்சியைத் தாண்டி மறைந்தான்.

 பிறகு அந்தப் பக்கமிருந்து அழுகை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. "அண்ணா, அண்ணா" என்று அடிவயிற்றிலிருந்து வந்தது.  போய்த் தூக்கிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன்.

"இருங்கண்ணே" என்றாள் ஜயானா. "இருபத்தேழு வருஷத்து அழுகை. அழுது முடிக்கட்டும்."

துணியை விரித்துக் கோப்பைகளை எடுத்து வைத்தாள். எனக்கு ஊற்றினாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள். மூன்றாவது கோப்பையை, அவன் வரும்வரை மணல் விழாமல், கவிழ்த்தே வைத்தாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரை அவன் வரவில்லை. நாங்கள் இருவரும் மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.